பரீட்சை ரத்தாச்சு, படபடப்பு நிக்கல

1/ ஜூன் 23, 2024. ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துல என் கிளினிக். 24 வயசுப் பெண், கூட அவங்க அப்பா. "நாலு நாளா நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர். ராத்திரி தூக்கமே இல்ல. ஹார்ட்ல ஏதாவது இருக்குமோ?" (அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/ நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112. பி.பி. சரியா இருந்துச்சு. ஈ.சி.ஜி. எடுத்தோம். துடிப்பு வேகம், அவ்வளவுதான், வேற கோளாறு இல்லை. "நாலு நாளைக்கு முன்னாடி என்னம்மா நடந்துச்சு?" அப்பாதான் பதில் சொன்னார். "எழுதின பரீட்சையை கேன்சல் பண்ணிட்டாங்க டாக்டர்."

3/ யு.ஜி.சி. நெட் தேர்வு. எம்.ஏ. சமூகவியல் முடிச்சிட்டு பிஎச்.டி. சேர ஆசைப்படுற பொண்ணு. ஜூன் 18-ம் தேதி நாடு முழுக்க 9 லட்சம் பேருக்கு மேல எழுதினாங்க. மறுநாளே கல்வி அமைச்சகம் ரத்துன்னு அறிவிச்சுது. அந்த வருஷத்துலேர்ந்துதான் நெட் மதிப்பெண்ணை வைச்சே பிஎச்.டி. சேர்க்கைங்கிற முறையும் வந்துச்சு. ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவங்களுக்கு நெட்டுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண்ணும் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ஒரே தேர்வுல இவ்வளவும் தொங்குது.

4/ இந்த இடத்துல நான் ஒரு தப்பு பண்ணேன். பேச்சுவாக்குல கேட்டுட்டேன்: "ஆமா, சமூகவியல் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?" அவங்க பதில் சொல்லல. தலை குனிஞ்சிருச்சு. விரல்ல மாட்டியிருந்த ஆக்ஸிமீட்டரைப் பார்த்தேன். 112 இருந்தது 126 ஆகியிருந்தது.

5/ அன்னிக்கு என் கிளினிக்ல இன்னொருத்தரும் தூங்காம உட்கார்ந்திருந்தார். என்கூட டியூட்டி பார்க்கிற ஜூனியர் டாக்டர் தம்பி. அன்னிக்குக் காலைல அவர் நீட் பி.ஜி. எழுதியிருக்கணும். முந்தின நாள் ராத்திரி தேர்வைத் தள்ளி வைச்சுட்டாங்க. வீட்ல இருக்க முடியாம கிளினிக்குக் கிளம்பி வந்துட்டார். பேஷன்ட் நாற்காலியிலயும் டாக்டர் நாற்காலியிலயும் அன்னிக்கு ஒரே நோய்தான்.

6/ ஆனா ஒரு வித்தியாசம். தம்பிகிட்ட எல்லாரும் "விடுப்பா, அடுத்த தேதில கலக்கிடலாம்"னு சொன்னாங்க. "எம்.டி. படிச்சு என்ன பண்ணப் போறே?"ன்னு யாரும் கேட்கல. இந்தப் பொண்ணுகிட்ட பெரியம்மா, வீட்டு ஓனர், எதிர்வீட்டு மாமின்னு ஆளாளுக்குக் கேட்கிறாங்க. "பி.எட். பண்ணலாமே, பேங்க் எக்ஸாம் எழுதலாமே, கல்யாணத்துக்கு வயசாகுதே." பரீட்சை ஒரு பாரம். தினமும் தன் படிப்புக்குத் தானே வக்கீலா நிக்கிறது இன்னொரு பாரம். பரீட்சைக்காவது ஒரு தேதி உண்டு. இதுக்கு அதுவும் கிடையாது. அந்த வரிசையில நானும் போய் நின்னுட்டேன்.

7/ உடம்புல என்ன நடக்குது? ஆபத்துன்னு மூளை நினைச்சா அட்ரினலின், கார்டிசால் ரெண்டும் ஏறும். இதயம் வேகமாகும், வயிறு கலங்கும், தூக்கம் ஓடிப்போகும். பரீட்சை முடிஞ்சா இறங்கிடும். மறுதேர்வு எப்போன்னே தெரியாத காத்திருப்புல, மூளைக்கு ஆபத்து முடியவே இல்லை.

8/ அதுக்காக எல்லாத்தையும் "டென்ஷன்"னு தள்ளிவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனை பண்ணினோம். தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 9.2. ரத்தசோகையும் சேர்ந்துதான் படபடப்பு. காலை டிபன் கிடையாது, நாளுக்கு அஞ்சு டீ. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம்னு சொன்னேன்.

9/ அப்புறம் என் கேள்வியை மாத்திக் கேட்டேன். "நீ எதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு நினைக்கிறே?" அப்பா எஸ்டேட்ல டர்னர். அங்கே எக்ஸ்போர்ட் கம்பெனில தைக்கப் போற பெண்களைச் சின்ன வயசுலேர்ந்து பார்த்து வளர்ந்திருக்காங்க. அவங்க ஷிஃப்ட்ல இருக்கிறப்போ வீட்ல குழந்தையை யார் பார்த்துக்கிறாங்கங்கிறதுதான் தலைப்பு. பத்து நிமிஷம் நிறுத்தாம பேசினாங்க. அப்பா வாயைத் திறந்து கேட்டுக்கிட்டிருந்தார். "இது இதுவரைக்கும் எங்களுக்கே தெரியாதும்மா"ன்னார்.

10/ அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். எம்.என்.ஸ்ரீநிவாஸ்னு ஒரு பெரிய சமூகவியலாளர். 1948-ல மைசூர் பக்கம் ஒரு கிராமத்துல தங்கி ஆய்வு பண்ணினவர். வருஷக்கணக்கா தொகுத்த குறிப்புகளின் மூணு பிரதியும் 1970-ல அமெரிக்காவுல அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ வைச்ச தீயில போச்சு. நினைவுலேர்ந்தே புத்தகம் எழுதினார். 1976-ல வெளிவந்துச்சு. "ரத்தானது பரீட்சைதான் டாக்டர், நான் படிச்சது என்கிட்டதான் இருக்கு"ன்னாங்க. துடிப்பு 94.

11/ சீட்டுல எழுதிக் கொடுத்தது இதுதான். உங்களுக்கும் உதவலாம்.
• அறிவிப்பு வந்திருக்கான்னு நாளுக்கு ரெண்டு முறை பாருங்க. ராத்திரி 9 மணிக்கு மேல வேண்டாம்.
• நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவா விடுங்க. அஞ்சு நிமிஷம்.
• தூக்கம் வரலைன்னாலும் காலைல ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க.
• சாயங்காலம் அரை மணி நேரம் நடங்க. துணைக்கு ஒருத்தர் இருந்தா இன்னும் நல்லது.
• பரீட்சைக்கு இல்லாம, உங்களுக்குப் பிடிச்சதுக்காக தினமும் ஒரு பக்கம் எழுதுங்க.

12/ ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி இல்லைன்னா டாக்டரைப் பாருங்க. "இருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீங்க. டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104. எந்த நேரமும் கூப்பிடலாம்.

13/ நீட் பி.ஜி. ஆகஸ்ட் 11-ல நடந்துச்சு. நெட் மறுதேர்வு ஆகஸ்ட் 21-ல தொடங்கி செப்டம்பர் வரை போச்சு. ரெண்டு பேரும் எழுதினாங்க. அக்டோபர்ல அந்தப் பொண்ணு மறுபடி வந்தப்போ ஹீமோகுளோபின் 11.6. வீட்டுக் கேள்விகள் குறைஞ்சுதான்னு கேட்டேன். "பெரியம்மா இன்னும் கேட்கிறாங்க டாக்டர். இப்ப அப்பா பதில் சொல்லிடுறார்."

14/ உங்க வீட்லயும் தெருவுலயும் இப்படி ஒரு பிள்ளை விண்ணப்பம் போட்டுட்டுக் காத்திருக்கலாம். "இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?"ன்னு கேட்க ஏற்கனவே பத்து பேர் இருக்காங்க. நீங்க "என்ன படிக்கிறே, சொல்லேன்"னு கேளுங்க. அப்புறம் பத்து நிமிஷம் பேசாம கேட்டுக்கிட்டு இருங்க.