பயணத்தின் சுவை போய்விட்டதா?



"பிரயாணம் என்றால் அந்தக் காலத்துப் பிரயாணம்தான், இப்போது என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் அங்கலாய்ப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் சத்துவாச்சாரி வழியாகச் செல்லும் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு பகலாக விரையும் வண்டிகளைக் காணும்போது எனக்கும் அந்த எண்ணம் எழுவதுண்டு.

ஹஜ்ஜுப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஹாஜிகள் ரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கிருந்து கப்பலில் ஜித்தா அடைந்தனர். ஏறத்தாழ 2,300 கடல் மைல் தூரம்; பழைய கப்பல்களுக்கு 10 முதல் 15 நாட்கள் பிடித்தன. அத்தனை நாளும் சேர்ந்து தொழுது, சேர்ந்து உண்டு, நோயுற்றவரைக் கவனித்து, முன்பின் அறியாதவர்கள் உறவினராயினர். யலம்லம் எல்லை நெருங்கியதும் இஹ்ராம் உடுத்தினர். அதற்குள் உள்ளமும் பக்குவப்பட்டிருந்தது.

1995-இல் அந்தக் கப்பல் பயணம் நின்றது. இன்று சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடலாம். மக்காவுக்கு நேரே செல்பவர்கள் விமானம் ஏறுமுன்பே இஹ்ராம் அணிந்துவிடுகின்றனர். உடல் இஹ்ராமில் இருக்கிறது. உள்ளமோ பூட்டிய வீட்டையும் கடையையும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதற்காகப் பழைய துன்பங்கள் திரும்ப வேண்டுமா? மதுரை வரை வந்த இப்னு பதூதா, 1325-இல் தமது 21-ஆம் வயதில் ஹஜ்ஜை நாடித் தாஞ்சியரிலிருந்து தனியாகப் புறப்பட்டார். வழியில் கடும் காய்ச்சல். கீழே விழாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். மறு ஆண்டுதான் மக்கா அடைந்தார். கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் அவ்வாறு சென்று திரும்பாதோர் எத்தனை பேர்! பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் நோன்பைத் தள்ளிவைக்கவும் சலுகை தந்த மார்க்கம் நம் மார்க்கம். அது துன்பத்தைத் தேடச் சொல்லவில்லை. முதியோரும் நோயாளிகளும் இன்று எளிதாகச் சென்று வருவது அல்லாஹ்வின் அருளன்றோ!

எனவே, பயணத்தின் சுவை ஆபத்தில் இல்லை, ஆயத்தத்தில் இருந்தது. திரும்புவது நிச்சயமில்லை என்று அறிந்தவர்கள் கடனைத் தீர்த்தனர். வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டனர். பகைத்தவரிடமும் ஸலாம் கூறினர். இவற்றுள் எதனை விமானம் தடுத்தது? பக்கத்து இருக்கைக்காரரின் பெயரைக்கூடக் கேளாமல், கைப்பேசியைப் பார்த்தபடியே கடல் கடக்கிறோம். இது வேகத்தின் குற்றமா?

அடுத்த முறை புறப்படும்போது, அது ஹஜ்ஜாயினும் ஆம்பூர் வரையாயினும், பெட்டியைக் கட்டுமுன் மனக்கசப்பு கொண்ட ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். அவர் வீட்டு வாசலை மிதிப்பதற்கு வேண்டிய துணிவு, கடல் கடக்கும் துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று.