முதல் வரியிலேயே ஊரைச் சொல்லு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. மழைக்கால உதவிக்கென்று உங்கள் பகுதிக்காரர்கள் முகநூல் பக்கம் தொடங்கி, எழுதுகிற பொறுப்பை உன்னிடம் கொடுத்திருப்பது பெரிய சந்தோஷம்.

நேற்று நீ போட்ட பதிவைப் படித்தேன். மனிதநேயம் பற்றி நாலு வரி, மழையைப் பற்றி மூன்று வரி. 'மேலும் காண்க'வை அழுத்திய பிறகுதான் முடிச்சூரில் ஒரு பாட்டிக்கு இன்சுலின் வேண்டும் என்பதே தெரிகிறது. கையில் இன்சுலின் வைத்திருப்பவர் அதற்குள் அடுத்த பதிவுக்குப் போயிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. "தேவை: இன்சுலின், முடிச்சூர், இன்று மாலை 4 மணி" என்று முதல் வரி இருக்கட்டும். உருக்கமாகச் சொல்ல வேண்டியதைக் கீழே சொல்லிக்கொள். ஊர் பேரையும் முழுசாக எழுது. வெறும் காந்தி நகர் என்றால் அடையாறில் இருப்பதா, வேறெங்கோ இருப்பதா என்று படகு வைத்திருப்பவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை அது. ஜனங்கள் ட்விட்டரைத்தான் நம்பினார்கள். #சென்னைரெயின்ஸ் என்ற ஒரே ஹேஷ்டேகின் கீழ் மழைப் படம், பிரார்த்தனை, அரசைத் திட்டுவது, மாடியில் மாட்டிக்கொண்டவர்களின் முகவரி எல்லாம் கலந்து வந்தன. அதனால்தான் உதவிக்கென்றே #சென்னைரெயின்ஸ்ஹெல்ப் தனியாகப் புழங்கத் தொடங்கியது. அதிலும் ஒரு கஷ்டம். ட்விட்டரில் போட்டதைத் திருத்தும் வசதி அப்போது கிடையாது. ஆளை மீட்டு முடித்த பிறகும் அதே வேண்டுகோள் கைமாறிக்கொண்டே இருந்தது. நீ எழுதுவது முகநூலில். திருத்தலாம். வேலை முடிந்த உடனே முதல் வரியின் முன்னால் "முடிந்தது" என்று சேர்த்துவிடு. பதிவை அழித்துவிடாதே, அழித்தால் பழைய ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு விஷயம் போய்ச் சேராது.

ஹேஷ்டேகை முதலில் முன்மொழிந்த கிறிஸ் மெசினா, 2007 ஆகஸ்டில் கேட்டது சின்ன விஷயம்தான்: ஒரே பேச்சில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள ஒரு குறி. அதே ஆண்டு அக்டோபரில் சான் டியேகோ காட்டுத்தீயின்போது அந்தக் குறி தகவல் திரட்ட உதவியது. இன்றைக்கு நிறைய பேர் பார்க்கட்டும் என்று உதவிப் பதிவின் அடியில் நடிகர் பிறந்தநாள் ஹேஷ்டேகை ஒட்டுகிறார்கள். உங்கள் குழுவில் யார் செய்தாலும் தடுத்துவிடு. நடிகரின் படம் பார்க்க வந்தவர் எரிச்சலாகி உங்கள் பக்கத்தையே பிளாக் செய்துவிடுவார். நாளைக்கு நிஜமாகவே உதவி கேட்கும்போது அவர் கண்ணில் படமாட்டாய்.

இன்னொன்று, இதை நீ மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும். முதல் வரி, தேடி வருபவருக்கு மட்டும் இல்லை, ஒதுங்கிப் போக நினைப்பவருக்கும்தான். அம்மா இன்னமும் வெள்ளப் படங்களைப் பார்க்க மாட்டாள். உடல்கள் இருக்கும் படமென்றால் முதல் வரியில் அதைச் சொல்லிவிட்டு, படத்தை முதல் கமென்ட்டில் போடு. 'சாவு', 'பிணம்' போன்ற சொற்களின் நடுவே நட்சத்திரக் குறி வைத்து எழுதாதே. உங்கள் பதிவை யாராவது ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) பகிர்ந்தால், அந்தச் சொல் வரும் பதிவுகள் வேண்டாம் என்று சிலர் அங்கே வடிகட்டி வைத்திருப்பார்கள். குறி வைத்து உடைத்தால் வடிகட்டி ஏமாந்து, யார் பார்க்கக் கூடாதோ அவர் முன்னாலேயே போய் நிற்கும்.

உன்னோடு எழுதும் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டு. பெட்ஷீட்டும் கொசுவலையும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், திங்கட்கிழமை வந்துவிடும். பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன், திறக்காமலே பிரித்துக் கொடுக்கலாம்.

அன்புடன்,
உன் அக்கா