மலையேறி வந்தவர்களின் தலைமுறை ஏடு

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் பயணிகள், சாலையோரத்தில் ஓர் ஆங்கிலேயரின் சிலையைக் காண்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலையில் தோட்டங்களை உருவாக்கிய கார்வர் மார்ஷ் என்பவரின் சிலை அது. ஆனைமலையின் தந்தை என்று அவரைப் போற்றுவர். அவர் பெயரைச் சிலை காக்கிறது. ஆனால் காட்டை வெட்டித் தேயிலை நட்டு, மலேரியாவுக்கும் குளிருக்கும் இரையான எளியோரின் பெயர்களைக் காப்பது எது?

சென்ற மழைக்காலத்தில் ஓர் இளைஞர், எண்பது வயதைத் தொட்ட தம் பாட்டியாருடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். பாட்டியார் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர். அவருடைய மகனும் வேலை ஓய்வு பெற்றுவிட்டதால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பேரனுக்குத் திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை.

“கீழே போறோம் சாமி. போறதுக்கு முன்னாலே எங்க அப்பா எந்த ஊருன்னு தெரிஞ்சுக்கணும்” என்றார் அம்முதியவள். ‘திருநெல்வேலிச் சீமை’ என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

அமெரிக்காவின் எல்லைப்புறக் காடுகளில் முதன்முதல் குடியேறியோரின் வழிவந்தவர்கள், நிலப் பத்திரங்களையும் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட குடிக்கணக்குகளையும் புரட்டித் தம் வம்சாவளியைத் தொகுக்கிறார்கள். நம் மக்களும் காடு திருத்தியவர்களே. ஆனால் திருத்திய மண்ணில் ஒரு சென்ட் கூட அவர்களுக்கு உரிமையாகவில்லை. கங்காணியின் முன்பணத்தை நம்பி மலையேறியவர்களுக்குப் பத்திரம் ஏது? அவர்கள் பட்ட பாட்டை, இங்கு மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலாக எழுதினார். அது பின்னர் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்தது.

பத்திரம் இல்லாதோருக்கும் திருச்சபையில் ஓர் ஏடு உண்டு. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. ஒருவர் வேற்றூரில் மணமுடித்தால், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கு அச்செய்தியை அறிவித்து, அங்குள்ள பதிவின் ஓரத்தில் குறிக்கச் செய்ய வேண்டும் என்பதும் திருச்சபைச் சட்டம். எனவே மலையில் உள்ள ஏடும் சமவெளியில் உள்ள ஏடும் ஒன்றையொன்று அறியும்.

பாட்டியாரின் திருமுழுக்குப் பதிவில் பெற்றோரின் பெயர்கள் கிடைத்தன. அப்பெற்றோரின் திருமணப் பதிவில் மணமகனின் பிறந்த பங்கு குறிக்கப்பட்டிருந்தது. அப்பங்கிற்கு மடல் எழுதினேன். மூன்று வாரங்களில் விடை வந்தது. பழுப்பேறிய ஏட்டில் தந்தையின் பெயர், அவர்தம் பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஓரத்தில் மலையில் மணமுடித்த குறிப்பு!

வேறொன்றும் தெரிந்தது. அடக்க ஏட்டில், பாட்டியாருக்கு முன் பிறந்து எட்டு மாதத்தில் காய்ச்சலால் இறந்த ஓர் ஆண்குழந்தையின் பெயர் இருந்தது. “எனக்கு ஒரு அண்ணன் இருந்தானா? அம்மா சொல்லவே இல்லையே” என்று பாட்டியார் அந்த வரியைத் தம் விரலால் தடவினார். நான் மௌனமாயிருந்தேன்.

மத்தேயு தம் நற்செய்தியைப் பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறார். நாம் அதை அவசரமாய் வாசித்துக் கடந்துவிடுகிறோம். அரசர் தாவீதின் பெயரோடு, பிழைப்புத் தேடி அயல்நாட்டிலிருந்து வந்து, வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் பெயரும் அதில் உண்டு. உழைக்க வந்த ஏழைப் பெண்ணும் ஆண்டவரின் மூதாட்டியானாள்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இன்று மலையிலிருந்து பல குடும்பங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்குகின்றன. பண்டபாத்திரங்களைக் கட்டுமுன் வீட்டு முதியோரிடம் அமர்ந்து பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பங்கு ஏட்டோடு ஒத்துப் பாருங்கள். இறந்த சிசுக்களையும் விட்டுவிடாதீர்கள். குடும்ப செபத்தில் அவர்களைப் பெயர் சொல்லி நினையுங்கள்.

அந்தப் பாட்டியார் இப்பொழுது திருப்பூரில் இருக்கிறார். கடந்த நவம்பர் 2 அன்று, இறந்தோர் நினைவுத் திருப்பலிக்காக அவர் அனுப்பிய பட்டியலில் அண்ணனின் பெயரே முதலில் இருந்தது.