மூன்று கம்பியின் பூர்வீகம்

மகனின் விமான விளையாட்டுக்காகக் கணினியோடு இணைக்கும் பலகை ஒன்று செய்ய உட்கார்ந்தேன். மேலும் கீழும் தட்டிவிடும் சுவிட்சுகள் 24. கையிலிருந்த ஆர்டுயினோ ஊனோவில் மொத்தமே 20 பின்கள். அதிலும் 0, 1 இரண்டும் கணினியோடு பேசப் போய்விடும்.

இதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் வழி மேட்ரிக்ஸ். 5 வரிசை, 5 நெடுவரிசை என்று கம்பி இழுத்தால் 10 பின்னில் 25 சுவிட்சைப் பார்த்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு விசையை மட்டும் அழுத்தும் எண்பலகைக்கு அது போதும். விமானப் பலகையில் ஆன் செய்த சுவிட்ச் ஆனிலேயே நிற்குமே! ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் ஆனில் இருந்தால், மின்சாரம் சுற்றி வந்து, யாரும் தொடாத நான்காவதையும் ஆன் என்று காட்டிவிடும். தடுக்க, சுவிட்சுக்கு ஒரு டயோடு வேண்டும். அத்தனையையும் சால்டர் செய்யும் பொறுமை எனக்கு இல்லை.

சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைக்காரர், "165 மூணு வாங்கிக்கோங்க சார்" என்றார். 74ஹெச்சி165 என்கிற 16 கால் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஐசி. லோடு காலைத் தாழ்த்தினால் எட்டு சுவிட்சுகளின் நிலையும் ஒரே கணத்தில் உள்ளே பதிவாகிவிடும். பிறகு ஒரு கிளாக் துடிப்புக்கு ஒன்றாக வரிசையில் வெளியே வரும். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததன் சீரியல் உள்ளீட்டில் கோத்தால் மூன்றும் ஒரே சங்கிலி. லோடு, கிளாக், டேட்டா, மூன்றே கம்பி! (புல்-அப் ரெசிஸ்டர் அவசியம். எட்டு ரெசிஸ்டர்கள் ஒரே துண்டாக, ஒன்பது கால்களோடு கிடைக்கின்றன.)

இந்த உத்தி யாருடையது என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பரணில் தொண்ணூறுகளின் டிவி கேம் கைப்பிடி ஒன்று கிடந்தது. திறந்தால் பெயரில்லாத கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று. கம்பிகள் ஐந்து: மின்சாரத்துக்கு இரண்டு, மீதி அதே மூன்று. அது நகலெடுத்த மூலம், மசாயுகி உயெமுரா வடிவமைத்து நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம். அதன் முதல் கைப்பிடிக்குள் இருந்தது 4021, 165 செய்யும் அதே வேலையைச் செய்யும் ஐசி. ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் எட்டு பொத்தான்களும் ஒரே கம்பியில் வரும். அந்த இயந்திரத்தில் ஒரு வேடிக்கையான கோளாறு உண்டு. பதிவுசெய்த ஒலியை இசைக்கும்போது, சில சமயம் தேவையற்ற கிளாக் துடிப்பு ஒன்று போய் ஒரு பொத்தானை விழுங்கிவிடும். அதனால் சில விளையாட்டுகள் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்பின. என் நிரலிலும் அப்படியே வைத்தேன். சுவிட்ச் அதிரும்போது வரும் பொய்க் கணக்குகளும் குறைந்தன.

இன்னும் பின்னால் போனால் 1944, இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க். போர்க்காலச் சங்கேதச் செய்திகளை உடைக்க அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் உருவாக்கிய கொலோசஸ் இயந்திரம், துளையிட்ட தாள் நாடாவை நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் படித்தது. 9,700க்கு ஏற்றியபோது நாடா சிதறிவிட்டது. எனவே ஜூன் 1 அன்று இயங்கத் தொடங்கிய இரண்டாம் வடிவத்தில், கடந்துபோன எழுத்துகளைப் பிடித்துவைக்க வெற்றிடக் குழல்களால் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் அமைத்தார்கள். ஐந்து எழுத்துகளை ஒருங்கே ஆராய முடிந்ததால், நாடாவின் வேகம் கூடாமலே வேலை 25,000 எழுத்துக்கு ஏறியது. நாம் அறிந்த முதல் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்களில் அது ஒன்று.

ஆனால் ஃபிளவர்ஸை என் பலகைக்குப் பாட்டனார் ஆக்க மாட்டேன். அங்கே ஒவ்வொன்றாக வந்ததைச் சேர்த்து வைத்தார்கள். இங்கே சேர்ந்து நிற்பதை ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். மேலும் கொலோசஸ் 1970களின் நடுப்பகுதி வரை ரகசியமாகவே இருந்தது. 1960களிலேயே ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஐசிகள் வந்துவிட்டன. அவற்றைச் செய்தவர்கள் கொலோசஸைப் பார்த்துச் செய்திருக்க வாய்ப்பில்லை.

தட்டச்சுப் பலகை செய்பவர்கள் டயோடு போட்டு மேட்ரிக்ஸிலேயே இருங்கள். தட்டினால் நிற்கும் சுவிட்சுகள் நிறைய என்றால், யோசிக்காமல் 165 வாங்குங்கள்.