ஒரே ஒரு பச்சை

உத்தமபாளையம் பக்கத்தில் முப்பத்திரண்டு வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். அத்தனை வருடமும் என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு: ஸ்கெட்ச் பேனா கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. போட்ட கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டால் அந்த இடம் மட்டும் கருத்துப்போகும். தாள் நைந்து திரிதிரியாக வரும். மூடி தொலைந்தால் மறுநாளே பேனா காய்ந்துவிடும். பின்பக்க மூடியைக் கழற்றித் தண்ணீர் விட்டு அதற்கு உயிர் கொடுத்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

இரண்டு வருடமாக எனக்குக் கை நடுக்கம். பிரஷ் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, தண்ணீர்க் கிண்ணம் சாய்கிறது. வரைவதையே விட்டுவிட்டேன். ஜூன் கடைசியில் சென்னையில் இருந்து வந்த பேத்தி, தன் மார்க்கர் பெட்டியை என் முன்னால் வைத்தாள். "சும்மா கிறுக்கிப் பாருங்க தாத்தா."

பெயர் காப்பிக். ஜப்பானில் டூ என்ற நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. முதலில் வந்ததற்குச் சதுர உடம்பு, கெட்டி முனை. பிறகு வடிவத்தை மாற்றி 'ஸ்கெட்ச்' என்று ஒன்று செய்தார்கள். அதுதான் இவளிடம் இருந்தது. ஒரு பக்கம் பட்டை முனை, மறுபக்கம் பிரஷ் மாதிரி வளையும் முனை. அழுத்தினால் பட்டை, தூக்கினால் மயிரிழை. உடம்பு நீள்வட்டம் என்பதால் மேஜையில் உருண்டு ஓடாது, நடுங்கும் விரலுக்கும் அடங்குகிறது. மை ஆல்கஹாலில் கரைத்தது; காயும் முன் பக்கத்து நிறத்தை இழுத்துவிட்டால் இரண்டும் கலந்து எல்லையே தெரிவதில்லை. மை தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம், முனை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. விலை அதிகம். தாளின் பின்பக்கம் மை ஊறும். வெயில் படும் சுவரில் மாட்டினால் நாளடைவில் வெளுத்துவிடும்.

இருந்தாலும் மறுநாள் காலை பெட்டியோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து நாற்று வளர்ந்திருந்த நேரம். நாற்றங்காலுக்கு மஞ்சள் கலந்த இளம்பச்சை, திராட்சைப் பந்தலுக்கு ஒன்று, தென்னைக்கு ஒன்று, பின்னால் மலைக்கு நீலம் ஓடிய பச்சை. இந்த மார்க்கரில் மொத்தம் 358 நிறம். பேத்தியிடம் இருந்த 36-ல் பச்சை மட்டும் ஏழு. ஏழையும் எடுத்துவிட்டேன்.

ஏழாவதை மூடும்போதுதான் அவன் நினைவு வந்தது. எட்டாம் வகுப்புப் பையன். 'எங்கள் ஊர்' என்று வரையச் சொன்ன பரீட்சைக்கு ஸ்கெட்ச் பேனாவில் வரைந்திருந்தான். வயல், தென்னை, மலை எல்லாம் ஒரே நிறம். தாளை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, "மலையும் நெல்லும் ஒரே பச்சையாடா?" என்று கேட்டேன்.

"பெட்டியில ஒரு பச்சைதான் சார் இருந்துச்சு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பூஜ்யம் போட்டேன். அதற்குப் பிறகு அவன் ஆசையாக உட்கார்ந்து வரைந்து நான் பார்க்கவில்லை.

மலையும் நெல்லும் வேறு வேறு பச்சை என்று அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வயக்காட்டிலேயே வளர்ந்த பிள்ளை. இல்லாதது கண் அல்ல, பேனா. இத்தனை வருடம் கழித்து, கை தளர்ந்து, நல்ல பேனா ஒன்று வந்து எனக்குக் கைகொடுத்த பிறகுதான் இது உறைக்கிறது.

இதைப் படிக்கும் என் பழைய மாணவர்களில் அவனும் இருந்தால்: நீ சொன்ன பதில் சரிதானப்பா. ஒருநாள் வீட்டுக்கு வா. பேத்தி பெட்டியை என்னிடமே விட்டுப் போயிருக்கிறாள்.