அந்தியில் ஒரு மணி நேரம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் அந்திப்பொழுது பையன்களுக்கு விளையாட்டு. பெண்பிள்ளைகளுக்கோ குழாயடியில் குடவரிசை. கால்பந்துப் பயிற்சிக்கு மகளை அனுப்பக் கேட்டுப் போனால் பெற்றோர் செலவைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. 'தண்ணிக்கு யாரு போறது சார்?' என்பதே முதற்கேள்வி.

2019இல் மதுரையின் சேது எஃப்சி அணி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. தமிழகத்து அணியொன்று அதை வென்றது அதுவே முதன்முறை. அந்தச் செய்தித்தாளைக் காட்டியபோது ஒரு தகப்பனார் படத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் அவரே சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு போகக் கண்டேன்.

மைதானத்தையும் பந்தையும் பயிற்சியாளரையும் வெளியார் தந்துவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தை வீடுதான் தரவேண்டும். மகனுக்கு அது கேளாமலே கிடைத்துவந்திருக்கிறது.