ஏப்ரல் 13

அன்பு மாணவர்களே, சொந்தங்களே,

இன்று அயர்லாந்தின் இரண்டு எழுத்தாளர்களுக்குப் பிறந்தநாள். நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட் (1906), கவிஞர் சீமஸ் ஹீனி (1939). 1969-இலும் 1995-இலும் நோபல் பரிசு பெற்றவர்கள். இருவருமே பெல்ஃபாஸ்ட் நகரில் வாத்தியார் வேலை பார்த்தவர்கள். ஹீனி என்னைப் போல ஆசிரியர் பயிற்சி முடித்தவர்.

பெக்கெட்டின் பிறப்புச் சான்றிதழில் மட்டும் மே 13 என்றிருக்கிறது. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, "அறுவடை நேரத்துல பொறந்தான் சார்" என்ற தாய்மாரிடம் மேற்கொண்டு கேட்காமல், ஐந்து வயது நிரம்பும்படி ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிவிட்டவன் நான். உங்கள் வேலைக்கும் ஓய்வுக்கும் அதுவே கணக்காகிவிட்டது. மன்னித்துவிடுங்கள்.

அம்மா இருப்பவர்கள் இன்றே கேட்டு, நிஜமான நாளைக் கீழே எழுதுங்கள். அந்த நாளில் வாழ்த்துகிறேன்.